மலை உச்சி டிரவுட் ஏரிக்குப் போவது தகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு பக்கத்துத் தூண்டில்காரர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு கட்டாயம் வரும். நீலகிரி உச்சியில் ஆள் நடமாட்டமில்லாத ஏரிக்கு டிரவுட் பிடிக்கப் போகலாமா, இல்லை அது பெட்ரோலுக்குப் பிடித்த கேடா? அந்தப் பேச்சில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்கள் இவை. எளியவை முன்னே, வம்பானவை பின்னே.

டிரவுட்டுங்கறது நம்ம ஊரு மீனுங்களா?

இல்லை. நீலகிரியில் இருப்பது ரெயின்போ டிரவுட். அதன் பூர்வீகம் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகள். 1860களில் பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்றிப் பார்த்தார், கைகூடவில்லை. 1906க்குப் பிறகு எச்.சி. வில்சன் எடுத்த முயற்சியில்தான் ரெயின்போ வேரூன்றியது. அவர் காலத்தில், 1907ல், அவலாஞ்சியில் அமைந்த குஞ்சுப் பொரிப்பகம் இப்போது மாநில மீன்வளத்துறையின் கையில் இருக்கிறது.

ஏனுங்க, ஆழியாத்துலயோ எங்க தோட்டத்துக் கிணத்துலயோ விட்டா வளராதுங்களா? கிணத்துத் தண்ணி ஜில்லுனுதானே இருக்குது?

வளராது, செத்துவிடும். டிரவுட்டுக்கு இதமான தண்ணீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ். 20ஐத் தாண்டினால் திணறும், 25ஐ ஒட்டினால் பிழைப்பது கடினம். சித்திரை வெயிலில் கிணற்றுத் தண்ணீர் கைக்கு ஜில்லென்று இருப்பது வெளியே 38 டிகிரி கொளுத்துவதால்தான். தெர்மாமீட்டரைக் கட்டி இறக்கிப் பாருங்கள், 25ஐச் சுற்றி நிற்கும்.

சூடேற ஏற இரண்டு பக்கமும் இடிக்கிறது. 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 26 டிகிரியில் 8தான். ஆனால் மீனின் உடம்புக்கு ஆக்சிஜன் தேவை கூடுவதும் அதே சூட்டில்தான். இந்தக் கணக்குதான் டிரவுட்டை 2,000 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

சாதா தூண்டிலுக்கும் ஃப்ளை ஃபிஷிங்குக்கும் என்னங்க அப்படி வித்தியாசம்?

சாதாத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் கட்டியிருப்பது பூச்சி போலத் தெரியும் இறகும் நூலும் (அதைத்தான் 'ஈ' என்கிறோம்), அதற்குக் கனமே கிடையாது. எனவே கனத்தை லைனிலேயே வைத்திருக்கிறார்கள். தடித்த, பூச்சுப் பூசிய லைனைப் பின்னால் வீசி, அது காற்றில் நேராக விரிந்து முடிந்ததும் முன்னால் தள்ளினால், லைன் விரிந்துகொண்டே போய் ஈயைக் கொண்டுபோய் வைக்கும்.

புதிதாகப் பழகுபவர்கள் தவறுவது பெரும்பாலும் பின்வீச்சில். லைன் விரியுமுன் முன்னால் தள்ளிவிடுகிறார்கள், சாட்டை சொடுக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தோடு ஈ அறுந்து போயிருக்கும்.

என்னென்ன வாங்கோணும்? கடையில ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

9 அடி ராடு, 5 அல்லது 6 வெயிட் (ராடுக்கு ஏற்ற லைனின் கன எண்). நீர்த்தேக்கத்தில் காற்று பலமாக அடிக்கும் என்பதால் 6 நல்லது. ராடு எந்த எண்ணோ லைனும் அதே எண். முன்பகுதி கனமான மிதக்கும் லைன் ஒன்று முதலில் போதும். மெதுவாக மூழ்கும் லைனை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். ரீலில் லைனுக்கு அடியில் 50 மீட்டராவது பேக்கிங், அதாவது லைனோடு இணைத்த மெல்லிய கூடுதல் நூல், சுற்றுங்கள். லைனின் நீளமே சுமார் 27 மீட்டர்தான், நல்ல மீன் ஓடினால் தீர்ந்துவிடும்.

லைன் முனையில் 9 அடி லீடர் (நுனி நோக்கி மெலியும் நரம்பு), அதன் நுனியில் ஈயைக் கட்டும் மெல்லிய நரம்பான டிப்பெட், 4 எக்ஸ், அதாவது 0.18 மில்லிமீட்டர் தடிமன். முள் எண்ணை மூன்றால் வகுத்தால் டிப்பெட் எண் கிடைக்கும்: 12ம் எண் முள்ளுக்கு 4 எக்ஸ், 15ஐ ஒட்டிய பொடி முள்ளுக்கு 5 எக்ஸ். கூலிங் கிளாஸும் தொப்பியும் கட்டாயம். காற்று திரும்பும்போது முள் முதலில் தேடி வருவது எறிபவரின் காதைத்தான்.

மலைக்குப் போறதுக்கு முன்னால எங்கீங்க பழகறது?

முதல் இரண்டு வாரம் தண்ணீரே வேண்டாம். நெல் காயப்போடும் களமோ பள்ளி மைதானமோ போதும். முள்ளுக்குப் பதில் மஞ்சள் கம்பளி நூலில் ஒரு துண்டு கட்டுங்கள். 12 மீட்டரில் ஒரு கோணிப்பையைப் போட்டு, பத்துக்கு ஆறு முறை அதில் விழும்வரை எறியுங்கள். காலை வேளையில் எளிதாக இருக்கும். சாயங்காலம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழும்பும்போது எறிந்து பாருங்கள், மலைமேல் அதுதான் நடக்கும்.

அடுத்தது தோட்டத்துக் கிணறு அல்லது பண்ணைக் குட்டை. உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஜிலேபி மீன் சின்ன ஈயைத் தயங்காமல் கவ்வும். கெண்டை வகைகள், முதல் மழைக்குப் பிறகு ஈசல் விழும் சாயங்காலங்களில், மேல்மட்டத்துக்கே வரும். மீன் இழுத்ததும் கை என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே கற்றுக்கொள்வது மலிவு.

அனுமதி யாருகிட்டீங்க வாங்கறது? ஃபாரஸ்ட்காரங்ககிட்டயா, ஃபிஷரீஸ்லயா?

நீலகிரி ஏரிகளில் பெரும்பாலானவை மின்சார அணைகள்தான், அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து உட்பட. அணை மின்வாரியத்துடையது, கரை பெரும்பாலும் வனத்துறையுடையது, மீன் மீன்வளத்துறையின் பொறுப்பு. ஒருவர் சரி என்றால் மற்றவரும் சரி என்றதாக ஆகாது. ஊட்டியில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்தில் தொடங்குங்கள். எந்தத் தண்ணீர் இப்போது திறந்திருக்கிறது, எத்தனை மீன், எந்த அளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதைக் காட்டி வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பழைய ரசீதின் படம் எங்கும் செல்லாது.

முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் தண்ணீர் பற்றிப் பேச்சே வேண்டாம். தேசியப் பூங்காவில் மீன் பிடிப்பது 1972ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "ரகசிய ஏரி" என்று ஒருவர் வாயைத் திறந்தால், அது பூங்கா எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். பல விவாதங்கள் அதிலேயே முடிந்துவிடும்.

கூட்டாளி ஒருத்தன் "மேல ஒரு ஏரி இருக்குது, ஆளே போறதில்ல, மீன் கொட்டிக் கிடக்குது"ன்னு ஆசை காட்டறான். நெசமா இருக்குமுங்களா?

பாதி நிஜம். தூண்டிலே பார்க்காத மீன் சந்தேகப்படாது, முதல் அரை மணி நேரம் எதைப் போட்டாலும் வரும். ஆனால் ஆள் போகாததால் மீன் பெருகியிருக்கும் என்பது கணக்குத் தெரியாத பேச்சு. டிரவுட் தேங்கிய தண்ணீரில் முட்டையிட்டுப் பெருகாது. சுத்தமான கூழாங்கல் படுகையும், அதன் ஊடே ஓடும் தண்ணீரும் வேண்டும். பெட்டை வாலால் கல்லைத் தோண்டிக் குழி பறித்து முட்டையிட்டு மூடும், கல்லிடுக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டை மூச்சுவிடும். சேறு படிந்தால் அத்தனையும் அழுகும். எனவே முதலில் கேட்க வேண்டியது: ஏரிக்குள் வந்து சேரும் ஓடை உண்டா? கோடையிலும் வற்றாமல் ஓடுமா? அடியில் கல்லா, சேறா? சோலையிலிருந்து இறங்கும் ஓடையென்றால் பெரும்பாலும் வருடம் முழுக்க ஓடும். தேயிலைத் தோட்டத்துக்கும் கேரட் காட்டுக்கும் கீழே வரும் ஓடை மழைக்கு மழை மண்ணை அள்ளிக்கொண்டு வரும்.

அப்படி ஓடை இல்லையென்றால், அந்த ஏரியில் இருப்பது யாரோ கொண்டுவந்து விட்ட மீன் மட்டும்தான். எப்போது விட்டார்கள்? டிரவுட்டின் ஆயுள் சில வருடங்கள். கடைசியாக விட்டது ஏழெட்டு வருடத்துக்கு முன் என்றால் நீங்கள் வெறும் தண்ணீரில்தான் எறியப் போகிறீர்கள். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஓடை அருமையாக இருந்து, பிடிப்பார் இல்லாமல் போனால் மீன் பெருத்து இரை பற்றாமல் போகும். நீலகிரியின் பாறை சார்னோகைட், அதிலிருந்து வடியும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அதனால் நத்தை, பூச்சி, இறால் வகை எல்லாமே குறைவு, மீனும் மெல்லத்தான் வளரும். அப்படிப்பட்ட ஏரியில் வரும் மீனைப் பார்த்ததும் தெரிந்துவிடும்: தலை பெரிது, உடம்பு ஒல்லி, எல்லாம் ஒரே சாண் அளவு. உங்கள் கூட்டாளி போட்டோ காட்டினால் நீளத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பாருங்கள்.

எங்கள் முடிவு இதுதான்: பத்துப் பேரில் எட்டுப் பேருக்குத் தூரத்து ஏரி தேவையில்லை. சாலை போகும் நீர்த்தேக்கத்தில், ஓடை வந்து சேரும் வாயில், காலை ஆறரை மணிக்கு நின்றால் அதைவிட நல்ல மீன் கிடைக்கும்.

ஒரே நாள்ல போயிட்டு வந்துரலாமுங்களா?

வரலாம், ஆனால் கூட்டிப் பாருங்கள். கோவையிலிருந்து ஊட்டி 86 கிலோமீட்டர், மலைப்பாதையோடு மூன்று மணி நேரம். அங்கிருந்து அவலாஞ்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம். காலை நாலு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குத் தண்ணீர். வெயில் ஏறும் பத்து மணிக்கு மீன் ஆழத்துக்குப் போய்விடும். சாயங்காலம் அது திரும்ப மேலே வரும் நேரத்தில் நீங்கள் காட்டைவிட்டு வெளியே இருந்தாக வேண்டும். எட்டு மணி நேர வண்டிக்கு இரண்டு மணி நேர மீன்பிடிப்பு. முதல்நாளே போய் ஊட்டியிலோ எமரால்டிலோ இரண்டு இரவு தங்கினால் இரண்டு காலை கிடைக்கும்.

காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை, மஞ்சூர் வழி கூட்டமில்லாதது. ஆனால் 43 கொண்டை ஊசி வளைவு, யானை நடமாட்டம், செக்போஸ்ட் எல்லாம் உண்டு. இருட்டில் அந்தப் பக்கம் வேண்டாம். எந்த வழியானாலும் இ-பாஸ் எடுத்துவிடுங்கள், 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழைய அது வேண்டும் (உள்ளூர் டி.என். 43 வண்டிகளுக்கு விலக்கு உண்டு). பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

எந்த மாசம் தோதுங்க?

ஆனி முதல் ஆவணிவரை மறந்துவிடுங்கள். அவலாஞ்சி தென்மேற்குப் பருவமழை நேராக மோதும் இடம். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. தண்ணீர் கலங்கினால் மீனுக்கு ஈ தெரியாது, அட்டை மட்டும் உங்களைச் சரியாகக் கண்டுபிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதையில் மண்சரிவு பயம். மார்கழியும் தையும் தெளிந்த தண்ணீர், ஆனால் விடியலில் உறைபனி விழும். ராடு வளையத்தில் லைன் உறைந்து நிற்கும், விரல் முடிச்சுப் போடாது. மாசி, பங்குனியில் காட்டுத்தீ பயத்தால் வனத்துறை உள்ளே நடக்க விடாது.

மிஞ்சுவது தை மாதப் பிற்பகுதியும், சித்திரையில் கோடைமழை இரண்டு பெய்த பிறகும். சித்திரையில் சுற்றுலாக் கூட்டம் இருக்கும், ஞாயிறு தவிர்த்துப் போங்கள்.

ஏரி அகலமாக் கிடக்குது. எங்கீங்க நின்னு எறியறது?

மூன்று இடம், இந்த வரிசையில். முதலாவது ஓடை வந்து விழும் வாய்: அங்கே தண்ணீர் குளிர்ச்சி, ஆக்சிஜன் அதிகம், இரையும் அதில்தான் வருகிறது. இரண்டாவது, காற்று போய் மோதும் கரை. மேல்மட்டப் பூச்சியெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். முகத்தில் காற்று அடிக்கும், எறிவது சிரமம், அதனால் எல்லோரும் எதிர்க்கரையில் நிற்பார்கள். மூன்றாவது, மூழ்கிய பழைய கரைமேடு அல்லது மரத்தூர். தண்ணீர் இறங்கியிருக்கும் கோடையில் ஒருமுறை போய் இவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் நிரம்பியிருக்கும்போது வழிகாட்டும்.

மின்சார அணையில் தண்ணீர் மட்டம் ஒரே இடத்தில் நிற்காது. குந்தா நீரேற்று மின்திட்டத்தில் (கீழே இறங்கிய தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும் திட்டம்) போர்த்திமந்து மேல் நீர்த்தேக்கம், அவலாஞ்சி–எமரால்டு கீழ் நீர்த்தேக்கம். நேற்று மீன் வந்த இடம் இன்று வெறும் சேறாக இருந்தால் மட்டம் இறங்கிய அளவைக் குச்சி நட்டுப் பாருங்கள். மீனும் அதே அளவு தள்ளிப் போயிருக்கும்.

என்ன ஈங்க கட்டறது? வெளிநாட்டு ஈ எல்லாம் வெலை ஜாஸ்தியா இருக்குது.

பெட்டி நிறைய வேண்டாம். 8 அல்லது 10ம் எண்ணில் கறுப்பு, பாசிப்பச்சை வூலி பக்கர், 14ல் ஃபெசன்ட் டெயில், 14ல் கறுப்பு எறும்பு, கூடவே 12ல் ஒரு மயில்பீலி ஈ. கடைசியை வீட்டிலேயே கட்டலாம், நம் பக்கத்தில் அதற்கு எல்லாமே கிடைக்கிறது. தோட்டத்தில் தானாக உதிர்ந்து கிடக்கும் தோகையை மட்டும் எடுங்கள். மயிலுக்குத் தீங்கு செய்தால் ஜாமீன் கிடைப்பதே கடினம். மோட்டார் காயில் கட்டும் கடையில் 36 கேஜ் செம்புக் கம்பியில் ஒரு முழம் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். நாட்டுக்கோழிப் பெட்டையின் கழுத்து இறகு, மிக மெல்லிய தையல்நூல், நிறமில்லாத நகப்பாலிஷ். அவ்வளவுதான்.

முள்ளின் காதிலிருந்து வளைவுவரை நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். வளைவில் செம்புக் கம்பியையும், பீலித் தண்டிலிருந்து உரித்த நான்கு இழைகளின் நுனியையும் கட்டுங்கள். இழைகளை அப்படியே சுற்றினால் முதல் மீனின் பல்லிலேயே அறுந்து அவிழும். எனவே நூலோடு சேர்த்து முறுக்கிக் கயிறாக்கி, முன்னோக்கிச் சுற்றி, காதுக்கு 2 மில்லிமீட்டர் முன்னே நிறுத்துங்கள். இப்போது செம்புக் கம்பியை எதிர்த்திசையில் ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றும் இழைகளைக் குறுக்கே அமுக்கிப் பிடிக்கும், ஈயும் தானாக மூழ்கும். முன்னால் பெட்டை இறகை இரண்டே சுற்று. மூன்றாகப் போட்டால் தண்ணீரில் குடையாக விரிந்து சுழலும், டிப்பெட் முறுக்கிக்கொள்ளும். முடிச்சு, ஒரு சொட்டுப் பாலிஷ். பிராய்லர் இறகு வேண்டாம், நனைந்தால் உயிரில்லாமல் ஒட்டிக்கொள்ளும்.

மீன் தட்டுது, ஆனா மாட்ட மாட்டேங்குது. மாட்டினாலும் அறுத்துட்டுப் போயிருது. ஏனுங்க?

மாட்டாததற்கு முதலில் முள் நுனியைப் பாருங்கள். பின்னால் கரை மேடாக இருந்தால் பின்வீச்சில் முள் கல்லில் பட்டு நுனி ஒடிந்திருக்கும், எறிபவருக்குத் தெரியவே தெரியாது. நகத்தின்மேல் வைத்து இழுங்கள், வழுக்கினால் மாற்றுங்கள். நுனி சரியென்றால் ராடைப் பாருங்கள்: ராடு நுனி தண்ணீரை ஒட்டி, லைனுக்கு நேராக இருக்க வேண்டும். மேலே தூக்கி வைத்திருந்தால் இடையில் தொங்கும் லைன் இழுப்பைத் தின்றுவிடும். தட்டியதும் ராடைத் தூக்காமல் இடது கையால் லைனை நீளமாக ஒரு இழு.

அறுவதற்குக் காரணம் முடிச்சு. 5 சுற்றுக் கிளிஞ்ச் முடிச்சை எச்சில் தொட்டு இறுக்காவிட்டால் உராய்ந்த சூட்டில் நைலான் வலுவிழக்கும். காற்றில் டிப்பெட்டில் தானாக விழும் சின்ன முடிச்சும் வலுவைப் பாதியாக்கும். அரை மணிக்கு ஒருமுறை விரலால் தடவிப் பார்த்து, இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள், அவிழ்க்க உட்காராதீர்கள்.

வீடியோவுல எல்லாம் இடுப்பளவு தண்ணியில நிக்கறாங்களே, நாமளும் இறங்கலாமுங்களா?

கூடாது. அவர்கள் நிற்பது கல் படுகை ஆற்றில். இது சரிவான மலையை அடைத்துக் கட்டிய அணை. முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடி ஆளை முழுங்கும், அடியில் சேறு. மட்டம் மாறுவதை மேலேயே சொல்லியிருக்கிறோம். முழங்காலுக்குக் கீழ் நிற்கும் கம்பூட் போதும், கரையிலிருந்தே எறியுங்கள். புதர் நெருக்கினால் பின்வீச்சில்லாத ரோல் காஸ்ட் 10 மீட்டர் போகும். காட்டுமாடும் கரடியும் தண்ணீருக்கு வரும் கரை அது, தனியாக நிற்காதீர்கள்.

வெளிநாட்டு மீனு, நம்ம ஓடை மீனைத் தின்னுது. அதைப் போயி முத்தம் குடுத்துத் திருப்பி விடோணுமா?

நியாயமான கேள்வி. அது அந்நிய வேட்டைமீன், தவளைக் குஞ்சையும் சின்ன மீனையும் தின்னும். அனுமதிச் சீட்டு எத்தனை மீன் எடுக்கலாம் என்கிறதோ அத்தனையைக் கூச்சமில்லாமல் எடுத்துச் சமைக்கலாம். அதற்குமேல் வருவதைத் திருப்பித்தான் விட வேண்டும். அப்போது முள்ளின் எதிர்ச் செதிலை இடுக்கியால் முன்பே நசுக்கியிருந்தால் நல்லது. கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள், போட்டோவுக்குப் பத்து நொடிக்குமேல் வெளியே வைக்காதீர்கள். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டியிருந்தால் பிடிப்பதையே நிறுத்துங்கள், நீந்திப் போனது போலத் தெரியும், பிறகு சாகும்.

செய்யவே கூடாதது ஒன்று: குஞ்சை வாளியில் எடுத்துப்போய் வால்பாறை ஓடையிலோ வேறு மலையிலோ விடுவது. பெரும்பாலும் சூட்டில் சாகும். தப்பித்தவறிப் பிழைத்தால் அங்குள்ள மீன்களுக்குக் கேடு.

நாங்க நாலு பேரு. ரெண்டு பேரு போயே ஆகோணும்கறாங்க, ரெண்டு பேரு வேண்டாங்கறாங்க. யாரு பேச்சைக் கேக்கறது?

ஏரி பூங்காவுக்குள் என்றால் வேண்டாம் என்பவர்கள் பேச்சு, விவாதம் அத்தோடு முடிந்தது. வெளியே என்றால் போகவேண்டும் என்பவர்கள் மூன்று விஷயம் கொண்டுவரட்டும்: எழுத்தில் அனுமதி, கடைசியாகக் குஞ்சு விட்ட வருடம், வற்றாத ஓடை இருப்பதற்கு அத்தாட்சி. மூன்றும் வந்தால் இரண்டு இரவுத் திட்டம் போடுங்கள், இரண்டில் ஒரு காலை சாலையோர நீர்த்தேக்கத்துக்கு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் இரண்டு காலையும் அங்கேயே.

களத்தில் வைத்த கோணிப்பைச் சோதனையை நாலு பேரும் செய்யுங்கள். காற்றை எதிர்த்து 12 மீட்டர் எறிய முடியாதவர் தூரத்து ஏரிக்கு நடந்து வந்து பயனில்லை, அவருக்கும் சலிப்பு, மற்றவர்களுக்கும் முடிச்சவிழ்க்கும் வேலை. அவரை, துணைக்கு ஒருவரோடு, எமரால்டு பக்கம் ஓடை வாயில் ரோல் காஸ்ட்டோடு விட்டுவிட்டுப் போங்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் அவர் பையில்தான் மீன் இருக்கும்.